ஓடும் நிலையில் ஒரு பழைய இயந்திரம்



விடுமுறை நாள் காலையில் டில்லியின் குடியிருப்புகளில் தவறாமல் கேட்கும் குரல் ஒன்று உண்டு. "கபாடி!" என்று நீட்டி அழைத்தபடி வண்டியைத் தள்ளிக்கொண்டு வருபவரின் குரல் அது. மும்பையில் அவரைப் பங்கார்வாலா என்பார்கள், கல்கத்தாவில் பிக்ரிவாலா. நம் ஊர்களில் ஒரு காலத்தில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்துச் சென்றவரின் வடநாட்டுச் சகோதரர் என்று அவரைச் சொல்லலாம். பேரீச்சம்பழத்துக்குப் பதில் இவர் ரூபாய் கொடுக்கிறார். மற்றபடி வேற்றுமை இல்லை. இருவர் கையிலும் இருப்பது தராசு. தராசுக்குத் தெரிந்தது எடை ஒன்றுதான். ஓடும் மின்விசிறியும் ஓடாத மின்விசிறியும் அதற்கு ஒன்றே.

அந்தத் தராசில் ஏறாமல் தப்பிய சில பொருள்களைப் பற்றியும், அவற்றை மீண்டும் வேலை செய்யும் நிலைக்குக் கொண்டுவந்து வீட்டில் பயன்படுத்துவதில் உள்ள இன்பத்தைப் பற்றியும் இன்று சிறிது பேசலாம் என்று எண்ணுகிறோம். தையல் இயந்திரம், வால்வு வானொலிப் பெட்டி, பம்பு ஸ்டவ், கரி இஸ்திரிப் பெட்டி, மிக்சி என்று ஏதேனும் ஒன்று நம்மில் பலருடைய வீட்டுப் பரணிலோ, ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டின் மூலையிலோ இருக்கத்தான் செய்கிறது. இத்தகைய பொருள்களைத் துடைத்து மெருகிட்டு, கூடத்தில் விளக்கு வெளிச்சத்தில் காட்சிக்கு வைப்போர் இப்போது பெருகியிருக்கிறார்கள். அதில் தவறொன்றும் இல்லை. ஆயினும் அது வேறு கலை. நாம் சொல்ல வருவது தைக்கின்ற தையல் இயந்திரத்தையும் பாடுகின்ற வானொலிப் பெட்டியையும் பற்றி.

பழைய இயந்திரத்தின் கவர்ச்சி யாது? அது பழையது என்பது விடையாகாது. பழையவை எல்லாம் நல்லவை என்று சொல்ல நாம் முன்வரவில்லை. சற்று நேரத்தில் சிலவற்றைத் தள்ளியும் பேசப்போகிறோம். உண்மையான கவர்ச்சி இதுதான்: அதைத் திறக்க முடியும், திறந்தால் உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியும். இன்று வாங்கும் சாதனங்களில் பலவற்றுக்குத் திருகாணியே இல்லை. இரு பாதிகளையும் அழுத்திப் பூட்டிவிடுகிறார்கள், அல்லது ஒட்டிவிடுகிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பது வாங்கியவருக்குத் தெரிய வேண்டாம் என்பது ஏற்பாடு. பழைய பொருளோ திருகாணியின் தலையை வெளியே காட்டிக்கொண்டு நிற்கிறது. வேண்டுமானால் திறந்து பார் என்று அழைப்பதுபோல் இருக்கிறது அது.

தையல் இயந்திரத்தையே எடுத்துக்கொள்வோம். கையால் தைக்கும் ஊசிக்குக் காது பின்புறத்தில். இயந்திர ஊசிக்குக் காது முனையில். இந்த ஒரு மாற்றத்தில்தான் முழு இரகசியமும் அடங்கியிருக்கிறது. மேல்நூலோடு ஊசி துணியைத் துளைத்துக் கீழே இறங்குகிறது. அடிமட்டத்தைத் தொட்டபின் மிகச் சிறிதளவு மேலே எழும்புகிறது. அப்போது துணியின் உராய்வால் நூல் முழுவதும் திரும்பி வர முடியாமல் ஊசியின் பக்கத்தில் சிறு வளையமாகப் புடைத்து நிற்கும். அந்த நொடியில் கீழே காத்திருக்கும் கொக்கி அவ்வளையத்தைப் பிடித்து, அடிநூல் சுற்றிய பாபினைச் சுற்றிக் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. மேலே ஒரு நெம்புகோல் நூலை இழுத்து இறுக்குகிறது. துணியை நகர்த்தும் பற்கள் எழுந்து, ஒரு தையல் நீளத்துக்குத் துணியைத் தள்ளி, மீண்டும் தணிகின்றன. இரு நூல்களும் துணியின் நடுவே ஒன்றையொன்று பின்னிக்கொள்கின்றன. மேல்நூல் இறுக்கம் மிகுந்தால் பின்னல் மேலே தெரியும். குறைந்தால் கீழே தெரியும். இரண்டு தட்டுகளுக்கு நடுவே நூலை நெருக்கும் ஒரு சிறு திருகினால் இதைச் சரிசெய்யலாம். இவ்வளவும் ஒரு காலின் அசைவில், நிமிடத்துக்குப் பல நூறு தடவை, ஒன்றோடொன்று பிசகாமல் நடைபெறுகிறது. கைச்சக்கரத்தை மெல்ல மெல்லக் கையால் சுழற்றி இதை ஒருமுறை குழந்தைகளுக்குக் காட்டிப் பாருங்கள். பாடப் புத்தகத்தில் நெம்புகோலைப் படித்து அலுத்த குழந்தையும் குனிந்து பார்க்கும்.

அமெரிக்காவில் எலியாஸ் ஹோ 1846இல் இத்தகைய தையலுக்குக் காப்புரிமை பெற்றார். ஐசக் சிங்கர் 1851இல் தமது இயந்திரத்துக்குப் பெற்றார். இருவருக்கும் நடந்த வழக்கில் சிங்கர் தோற்று, ஹோவுக்குப் பங்குத்தொகை கொடுக்க வேண்டியதாயிற்று. ஆனால் உலகம் நினைவில் வைத்தது சிங்கரின் பெயரையே. விற்கத் தெரிந்தவர்கள் அவர்கள். தவணை முறையில் வீட்டுப் பொருளை விற்கும் வழக்கத்தைப் பரப்பியதில் அந்நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஸ்காட்லாந்தின் கிளைடுபாங்க் நகரில் 1880களில் எழுந்த அவர்களுடைய பெரும் தொழிற்சாலையில் செய்யப்பட்ட இயந்திரங்கள் இன்னமும் நம் நாட்டுத் தையற்கடைகளில் ஓடுகின்றன. தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டுவிட்டது. பிள்ளைகள் இருக்கிறார்கள், பெற்றவள் இல்லை.

இயந்திரங்களை எதிர்ப்பவர் என்று பெயர் பெற்ற காந்தியடிகள், 1924ஆம் ஆண்டில் ஓர் இளைஞர் எழுப்பிய கேள்விகளுக்கு விடையளிக்கையில், சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விலக்கு அளித்தார் என்பதைப் பலர் அறிந்திருப்பீர்கள். மனைவி கையால் தைத்துத் துன்புறுவதைக் கண்டு, அன்பினால் அந்த மனிதர் இதைப் படைத்தார் என்பது அடிகள் கூறிய காரணம். சிங்கரின் வாழ்க்கை வரலாற்றைப் படித்தவர்கள் இக்காரணத்தை ஒப்புவது கடினம். ஒரே காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களை நடத்தியவர் அவர். எனினும் விலக்கு நியாயமான விலக்குத்தான். மனிதனை வெளியே தள்ளாமல், அவன் காலடியில் நின்று வேலை செய்யும் இயந்திரம் அது.

நம் நாட்டில் கல்கத்தாவின் ஜெய் என்ஜினியரிங் நிறுவனம் 1930களில் உஷா தையல் இயந்திரத்தைச் செய்யத் தொடங்கிற்று. சுதந்திரத்துக்குப் பின் வந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில்கூட அப்பெயர் பரவியது. கணவனை இழந்த பெண்கள், சம்பளம் போதாத வீட்டுப் பெண்கள், திருமணத்துக்குக் காத்திருந்த பெண்கள் எத்தனை பேர் அந்த இயந்திரத்தின் முன் அமர்ந்து குடும்பத்தைக் காத்தார்கள் என்பதற்கு யாரும் கணக்கு எழுதி வைக்கவில்லை.

எங்கள் வீட்டிலும் அப்படி ஓர் உஷா இருந்தது. 1964இல் பாட்டி தவணையில் வாங்கியது. பின்னர் எங்கள் தாயாரிடம் வந்தது. மயிலாடுதுறையில் தெருவின் பாதி வீடுகளுக்கு ரவிக்கையும், ஜூன் மாதம் பிறந்தால் பள்ளிச் சீருடையும் அதில்தான் தைக்கப்பட்டன. உடன்பிறந்தார் மூவரும் படித்து, ஒருவர் பரோடாவுக்கும் ஒருவர் ராஞ்சிக்கும் ஒருவர் டில்லிக்குமாகப் பிரிந்தோம். தாயார் காலமான பின் வீட்டை விற்க வேண்டியதாயிற்று. வெளிமாநிலத்தில் வாழும் நேயர்களுக்கு இதை விவரிக்க வேண்டியதில்லை. விடுப்பு பத்து நாள்; வீட்டுச் சாமான் ஐம்பதாண்டுச் சாமான். பித்தளை அண்டாக்களை உறவினர் எடுத்துக்கொண்டார்கள். கட்டில் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. தையல் இயந்திரத்தை மட்டும் யாரும் கேட்கவில்லை. சக்கரம் அசையவே இல்லை என்பதால் பழைய இரும்புக் கடைக்காரர் அதை எடைக்குத்தான் எடுப்பேன் என்றார். தலையும் வார்ப்பிரும்புக் கால்களும் சேர்ந்து முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும். ஒரு நல்ல சட்டையின் விலைகூட வராது.

"எடைக்குப் போடுவதானால் நானே அந்த முப்பது கிலோவையும் தலையில் தூக்கிப் போகிறேன்" என்றாள் தங்கை. அவளுடைய வீடு இரண்டு அறை வீடு. ஆகவே அது டில்லிக்கு வந்தது.

அலுவலகத்தில் நாம் மொழிபெயர்க்கும் கோப்புகளில் அடிக்கடி வரும் தொடர் ஒன்று உண்டு. நாற்காலியோ, மின்விசிறியோ, தட்டச்சுப் பொறியோ கழித்துக் கட்டப்படும்போது, அது "சிக்கனமாகப் பழுதுபார்க்க இயலாதது" என்று குறிப்பு எழுதுவார்கள். பழுதுபார்க்க ஆகும் செலவு பொருளின் மதிப்பைவிட மிகுதி என்பது அதன் கருத்து. அரசாங்கப் பணத்துக்குப் பொறுப்பு சொல்ல வேண்டியவர்களுக்கு அது வேண்டிய விதியே. ஆனால் மதிப்பு என்ற சொல்லை யார் நிரப்புவது என்பதில்தான் சிக்கல். இரும்புக் கடைக்காரர் நிரப்பினால் ஒரு தொகை. தங்கை நிரப்பினால் வேறு தொகை.

டில்லியில் அதைத் திறந்து பார்த்தவர் எழுபது வயதைக் கடந்த ஒரு மிஸ்திரி. கரோல்பாக் சந்தொன்றில், ஒரு மாடிப்படியின் அடியில் அவருடைய கடை. கைச்சக்கரத்தை இருபுறமும் அசைத்துப் பார்த்தார்; எண்ணெய்த் துளையில் விரலை வைத்து முகர்ந்தார்; சிரித்தார். "பாபுஜி, மதராஸ் பக்கத்து மிஷின்தானே இது?" என்றார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள், உஸ்தாத் என்றோம். "தேங்காய் எண்ணெய்!" என்றார்.

இதைக் கேட்கும் தாய்மார்களில் பலர் இப்போது சிரித்துக்கொண்டிருப்பீர்கள். இயந்திர எண்ணெய் தீர்ந்துபோனால் நம் வீடுகளில் கைக்கு எட்டுவது தேங்காய் எண்ணெய்தானே! அன்றைக்கு அது நன்றாகவே ஓடும். ஆனால் தாவர எண்ணெய் நாள்பட்டால் காற்றோடு சேர்ந்து பிசினாக இறுகிவிடும். அது மட்டுமா? தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி வெப்பத்துக்குக் கீழே உறைந்துவிடும் பொருள். டிசம்பர் மாத டில்லியில் தலைக்குத் தடவும் எண்ணெயைப் புட்டியிலிருந்து குச்சியால் தோண்டி எடுப்பவர்கள் நாம். அதே எண்ணெய் இயந்திரத்தின் மூட்டுகளுக்குள் என்ன செய்யும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அவர் செய்த வைத்தியம் எளியது. ஒவ்வோர் எண்ணெய்த் துளையிலும் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டார். ஓர் இரவு அப்படியே விட்டார். மறுநாள் சக்கரத்தை வலிந்து திருப்பாமல் முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்தார். மறுபடியும் மண்ணெண்ணெய். மூன்றாம் நாள் சக்கரம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது. பிறகு மண்ணெண்ணெயை முற்றும் துடைத்து, நல்ல இயந்திர எண்ணெய் இட்டார். மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்குமே ஒழிய, உலோகத்தின்மேல் தங்கிக் காக்காது; ஆதலால் அதோடு நிறுத்திவிட்டு ஓட்டலாகாது. கறுப்பு மேற்பூச்சின் மீதுள்ள பொன்னிறச் சித்திரங்களைத் தொடவே கூடாது என்று எச்சரித்தார். ஸ்பிரிட்டோ தின்னரோ பட்டால் அந்தப் பொன் கையோடு வந்துவிடும். ஈரம் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். துருவைத் தேய்க்க உப்புத்தாள் எடுத்துச் செல்லும் ஆர்வலர்களை அவர் பொருட்படுத்துவதே இல்லை.

ஊசித் தட்டைக் கழற்றியபோது அதன் கீழே கம்பளித் துணிபோல் இறுகிய பஞ்சு இருந்தது. துணிகளிலிருந்து உதிர்ந்த இழைகள் ஆண்டுக்கணக்கில் எண்ணெயோடு சேர்ந்து அப்படி ஆகிவிடும். மிஸ்திரி அதை இடுக்கியால் உரித்து எடுத்துக் காகிதத்தில் வைத்தார். மேலடுக்கில் பல நிறம். அதற்கடியில் முழுவதும் கருநீலம். எங்கள் பள்ளிச் சீருடையின் நிறம் அது. சில வெள்ளை இழைகளும் இருந்தன. தெருவில் எத்தனை பிள்ளைகளுக்கு அந்த ஜூன் மாதங்களில் தைத்திருப்பார் என்று அந்தச் சிறு கட்டியைப் பார்த்தபடி நின்றோம். மிஸ்திரி ஒன்றும் கேட்கவில்லை. காகிதத்தை மடித்து நம் பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு, பாபின் உறையைத் துடைக்கத் தொடங்கினார்.

புதிதாக வாங்கியது மூன்றே பொருள்கள்: ஒரு தோல் பெல்ட்டு, பாபின் சுற்றும் உருளைக்கு ரப்பர் வளையம், ஒரு பொட்டலம் ஊசி. அறுபதாண்டுக்கு முந்தைய இயந்திரத்துக்குப் பொருந்தும் ஊசி இன்றும் எந்தத் தையல் சாமான் கடையிலும் கிடைக்கிறது. நாம் சில ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மிக்சி ஒன்றுக்குச் சிறு ரப்பர்ப் பல்சக்கரம் தேய்ந்துபோயிற்று. அந்த நிறுவனத்தின் பழுதுபார்க்கும் நிலையத்தில் "அந்த மாடல் நின்றுவிட்டது, புதியது வாங்கிக்கொள்ளுங்கள்" என்று கூறிவிட்டார்கள். இரண்டையும் ஒருசேர எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

பழுதுபார்த்தல் என்பதற்கு இந்தியில் வழங்கும் சொல் மரம்மத். டில்லியில் கடைதோறும் பலகையில் அதைக் காணலாம். அது அயல் சொல் என்று எண்ணிவிட வேண்டா. நம் சோழநாட்டு உழவர்களும் அச்சொல்லைத்தான் மராமத்து என்று வழங்கிவந்தார்கள். ஊரார் கூடி ஏரியின் கரையையும் மதகையும் வாய்க்காலையும் தாமே செப்பனிட்டுக்கொண்ட குடிமராமத்தும் அதிலிருந்து வந்ததே. அரபு மொழியில் பிறந்து, பாரசீகத்தின் வழியாக இங்கு வந்து, தஞ்சாவூர் ஏரிக்கரையிலும் கரோல்பாக் சந்திலும் ஒருசேர நிற்கிறது அச்சொல்.

வானொலிப் பெட்டியைப் பற்றிப் பேசாமல் வானொலியில் பேசிவிட்டுப் போவது முறையாகாது. சென்னை நிலையம் 1938 ஜூனிலும், திருச்சி நிலையம் 1939 மேயிலும் தொடங்கின. அந்நாள்களின் பெட்டிகள் வால்வுப் பெட்டிகள். திருகியவுடன் பேசிவிடாது அது. முதலில் முகப்பு விளக்கு எரியும். வால்வுகளின் உள்ளே செந்நிறக் கம்பிகள் சூடேறும். பிறகு எங்கிருந்தோ நடந்து வருவதுபோல் ஒலி மெல்ல எழும். மரப்பெட்டியின் காரணத்தால் அவ்வொலிக்கு ஒரு தழைவு உண்டு. மிருதங்கத்தின் தொப்பி ஒலி இக்காலச் சிறுபெட்டிகளில் கேட்பதைவிட அதில் நன்றாக விழும் என்பது நம் துணிபு. மர்ஃபி, பிலிப்ஸ், புஷ் என்று பெயர்களைச் சொன்னாலே முதியவர்களின் முகம் மலரும். பெட்டி வைத்துக்கொள்ள உரிமம் பெற்று, ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் கட்டணம் செலுத்திய காலம் அது. 1980களில்தான் அக்கட்டணம் நீங்கிற்று.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது. தையல் இயந்திரம் விரலில் ஊசி ஏற்றுமே தவிர உயிருக்கு ஆபத்து இல்லை. வால்வுப் பெட்டி அப்படியன்று. உள்ளே 250 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் உண்டு. சுவிட்சை அணைத்த பிறகும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும். சில பெட்டிகளில் உள்ளே இருக்கும் உலோகச் சட்டமே மின்கம்பியோடு நேராக இணைந்திருக்கும். கம்பிகளைச் சுற்றிய ரப்பர் உறை பொடிப்பொடியாக உதிரும். பரணிலிருந்து இறக்கிய பெட்டியை ஆசை மிகுதியால் உடனே செருகியில் மாட்டிவிடாதீர்கள். முதுமையால் கெட்டுப்போன மின்தேக்கி ஒன்று வெடித்தால், மாற்றுப் பொருள் அரிதான டிரான்ஸ்ஃபார்மரும் கருகிவிடக்கூடும். விஷயம் தெரிந்தவர்கள் முதலில் கம்பிகளையும் பழைய மின்தேக்கிகளையும் மாற்றுவார்கள். பிறகு பெட்டியோடு தொடர்வரிசையில் ஒரு பழைய இழை பல்பை இணைத்து மின்சாரம் விடுவார்கள். உள்ளே எங்கேனும் கோளாறு இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து, மின்சாரத்தைத் தானே ஏற்றுக்கொள்ளும், பெட்டி தப்பிக்கும். மும்பையில் சோர் பஜாரிலும், டில்லியில் லஜபத் ராய் மார்க்கெட்டைச் சுற்றியும் இவ்வேலை அறிந்தவர்கள் சிலர் இருக்கிறார்கள். பட்டறிவு இல்லாதவர்கள் இதில் கைவைக்கலாகாது என்பதைக் கண்டிப்பாகவே சொல்கிறோம்.

இனித் தள்ள வேண்டியவை. பழைய குளிர்பதனப் பெட்டியை மீட்டு ஓட்டுவதை நாம் ஆதரிக்க மாட்டோம். மின்சாரத்தை அது குடிப்பதுபோல் வேறெதுவும் குடிக்காது. மேலும் அந்நாளில் அதில் அடைத்த வாயு வானில் உள்ள ஓசோன் படலத்தை அரிப்பது. 1987இல் மாண்ட்ரியலில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி இந்தியாவும் 2010க்குள் அவ்வாயுவின் உற்பத்தியைக் கைவிட்டது. கல்நார் நூல் சுற்றிய கம்பியுள்ள பழைய மின்சார இஸ்திரிப் பெட்டியும் வேண்டா. பம்பு ஸ்டவ்வின் மேல் நமக்குப் பிரியம் உண்டு. ஸ்டாக்ஹோமில் 1892இல் பிறந்த பிரைமஸ் அடுப்பின் அந்த நீலச் சுடரும் இரைச்சலும் பலருடைய இளமைக்கால விடியற்காலையோடு கலந்தவை. ஆயினும் 2014இலேயே மண்ணெண்ணெய் இல்லாத நகரமாக அறிவிக்கப்பட்ட டில்லியில் அதற்கு எரிபொருள் தேடுவது வீண் முயற்சி. பித்தளையைத் துலக்கி அலமாரியில் வைக்கலாம், அவ்வளவுதான்.

மிக்சியைப் பற்றி மட்டும் ஒரு செய்தி. மும்பையில் மாதுரி மாத்தூர் என்ற அம்மையாரின் வீட்டில் இருந்த ஜெர்மானிய மிக்சி பழுதாகிப்போயிற்று. இங்கே அதைச் சரிசெய்ய வழி இல்லை. அயல்நாட்டு மிக்சி பழச்சாற்றுக்கு ஏற்றது. நம் உளுந்தையும் மஞ்சளையும் அதனால் தாங்க முடியுமா? அவருடைய கணவர் சத்யபிரகாஷ் மாத்தூர் பொறியாளர். நம் சமையலுக்குத் தாங்கும் மோட்டாரோடு அவர் வடித்ததே 1963இல் வெளிவந்த சுமீத் மிக்சி. வடநாட்டில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் ஆட்டுக்கல்லைச் சுமந்து வர முடியாதவர்களுக்கு இட்லியைக் காப்பாற்றிக் கொடுத்தது அதுதான் என்றால் மிகையாகாது. ஒரு மிக்சியைச் சரிசெய்ய முடியாமல் போனதிலிருந்து வேறொரு மிக்சி பிறந்தது. அன்றைய சுமீத் சில இன்னும் ஓடுகின்றன. கார்பன் பிரஷ் தேய்ந்தால் மாற்றவும், கத்தியைச் சாணை பிடிக்கவும் ஆள் கிடைத்தால் நீங்களும் ஓட்டலாம். இரைச்சலை அயல் வீட்டார் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆள் கிடைத்தால் என்றோமே, அதில்தான் பெரும் கவலை. உலக நாடுகள் பலவற்றில் பழுதுபார்க்கும் உரிமை என்ற பேச்சு இப்போது எழுந்திருக்கிறது. நம் நாட்டிலும் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் இதற்காக ஒரு குழுவை அமைத்தது. உதிரிப் பாகமும் விளக்கப் புத்தகமும் வாங்கியவருக்குக் கிடைக்க வேண்டும் என்பது கோரிக்கை. நல்ல கோரிக்கை. ஆனால் உரிமை கிடைக்கும் நாளில் கை இருக்க வேண்டுமே! நம் மிஸ்திரிக்கு இரண்டு புதல்வர்கள். ஒருவர் வங்கியில், ஒருவர் வாடகைக் கார் ஓட்டுகிறார். மாடிப்படியின் அடியில் இருபது ஆண்டுகளாகச் சீடன் யாரும் அமரவில்லை என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் ஒன்றும் இல்லை. ஊசியின் தட்டையான பக்கம் எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்று நமக்குக் காட்டிக்கொண்டே சொன்னார். கூலியாக அவர் கேட்டது 650 ரூபாய். ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு பொட்டலம் காப்பிப்பொடியையும் சேர்த்துக் கொடுத்தோம்; தேநீர் குடிப்பவர் அதை என்ன செய்தாரோ தெரியாது.

ஊரில் இத்தகைய இயந்திரத்தை விட்டு வைத்திருக்கும் நேயர்களுக்குச் சில சொற்கள். அடுத்த விடுப்பில் கொண்டுவர எண்ணினால், தலையையும் காலையும் சேர்த்து அனுப்பாதீர்கள். தோல் பெல்ட்டைக் கழற்றி, தலையின் அடியில் கீல்களைப் பிடித்திருக்கும் இரண்டு திருகாணிகளைத் தளர்த்தினால் தலை தனியே வந்துவிடும். ஊசியை எடுத்துவிட்டு, துணியை அழுத்தும் பாதத்தின் கீழே மடித்த துணி வைத்து இறக்குங்கள். பழைய புடைவையால் சுற்றி மரப்பெட்டியில் வைத்து ரயில் பார்சலில் அனுப்பலாம். தூக்க முடிந்தால் உடன் எடுத்து வருவது இன்னும் நல்லது. கால்களைச் சணல் சாக்கில் சுற்றினால் போதும். அவை வார்ப்பிரும்பு என்பதை மறக்க வேண்டா. வளையாது, ஆனால் கீழே போட்டால் உடையும். அறையில் இடமில்லை என்று தலையை எடைக்குப் போட்டுவிட்டுக் கால்களை மட்டும் உணவகங்களுக்கு மேசைக் காலாக விற்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே காப்பி அருந்துகையில் மிதியை மிதித்துப் பார்த்திருக்கிறோம். சக்கரம் நன்றாகவே சுற்றுகிறது. மேலே வேலைதான் இல்லை.

வந்து சேர்ந்ததும் எண்ணெய் இட்டு, நூல் கோக்காமல் கால் மணி நேரம் வெறுமனே ஓட்டுங்கள். சக்கரத்தின் மேற்பக்கம் தைப்பவரை நோக்கி வர வேண்டும். எதிர்ப்புறம் சுழன்றால் நூல் சிக்கிக்கொள்ளும். மிதியைப் பழகாத கால் முதல் சில நாள் தவறாமல் எதிர்ப்புறமே சுழற்றும்; கையால் சக்கரத்தைத் தொடக்கிவிட்டுப் பிறகு மிதித்தால் பழக்கம் வந்துவிடும். முதலில் தைப்பது தலையணை உறையாக இருக்கட்டும். வெள்ளைத் துணி வேண்டா. பழைய எண்ணெய் இரண்டு மூன்று நாள் கசிந்துகொண்டிருக்கும்.